கேளம்பாக்கம் திருப்பம்

“திருப்பத்துல நிக்கணும். பின்னால வர்ற வண்டியைக் கண்ணால பார்க்கணும். பார்த்த பிறகுதான் நகரணும். பத்து நிமிஷமானாலும் சரி, பத்து மணி நேரமானாலும் சரி.”

இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் கணவர் ஜெபராஜ். 1968-ல், தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், நான் கொடுத்த டீயை ஆறவிட்டுக்கொண்டு போட்டார். அதற்கு முந்தின மாதம் படப்பைப் பக்கம் போனபோது அவர் நண்பர் சுந்தர்சிங் தன் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். முன்னால் போனவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் தவளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார் மனிதர்.

“பத்து மணி நேரமா? நடுவுல பசிச்சா என்ன மச்சான் பண்றது?” என்று கேட்டவரும் அதே சுந்தர்சிங்தான்.

“உனக்காகப் போட்ட சட்டம்டா இது. நீயே ஓட்டை போடறியே,” என்றார் இன்னொரு நண்பர் தோத்தாத்ரி. “நான் நிப்பேன் ஜெபா. நீ வர்ற வரைக்கும் நிப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தோத்தாத்ரி சிரித்துக்கொண்டு சொன்னதையும் செய்கிறவர் என்பது எங்களுக்குத் தெரியும்.

அவருக்கு டெலிபோன் இலாகாவில் வேலை. என் கணவருக்கு ரயில்வேயில். சுந்தர்சிங் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மூவருக்கும் விடுமுறை. காலை ஆறு மணிக்கு மூன்று வண்டிகளும் எங்கள் வாசலில் நிற்கும். வேடந்தாங்கல், செங்கல்பட்டு, மகாபலிபுரம், கோவளம் என்று எங்காவது போய்விட்டு மாலைக்குள் திரும்பிவிடுவோம். ‘வோம்’ என்று சொல்லக் காரணம், எங்கள் ஜாவாவின் பின் ஸீட்டில் நானும் இருப்பேன். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் என் பொறுப்பு. ஆசிரியையான எனக்கும் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

தோத்தாத்ரியுடையது புல்லட். ராணுவக் கழிவு ஏலத்தில் வந்ததை வாங்கி, ஒரு வருஷம் மெக்கானிக் ஜெயவேலுவோடு உட்கார்ந்து சரி செய்தது. அதற்கு ‘பெரியவர்’ என்று பெயர் வைத்திருந்தார். “இன்னிக்குப் பெரியவர் நல்ல மூட்ல இருக்கார்,” என்பார். மேடு ஏறும்போது இருமினால், “பெரியவருக்குச் சளி,” என்பார். எங்கேயாவது மரத்தடியில் நிறுத்தினால் நாங்கள் உடனே சாப்பாட்டுக் கூடையைத் திறப்போம். அவர் மட்டும் வண்டிப் பக்கத்தில் குந்தி, சூடு தணியும்போது எஞ்சினிலிருந்து வரும் ‘டிக் டிக்’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“என்ன சார் சொல்றார் பெரியவர்?” என்று நான் கேட்பேன்.

“இன்னும் கொஞ்சம் போலாமேங்கறார், டீச்சர். நான்தான் ஆத்துல விளக்கு ஏத்திடுவான்னு சொல்லிண்டிருக்கேன்.”

அந்த விளக்குதான் இன்னொரு சட்டம். அதைப் போட்டவள் அவர் மனைவி சுந்தரவல்லி. அவளுடைய பெரியப்பா மகன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஒரு கால் போனவன். தோத்தாத்ரி புல்லட் வாங்கிய அன்றே அவள் பூஜை அறையில் அவரை நிற்கவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

“விளக்கு ஏத்தறதுக்குள்ள வாசல்ல சத்தம் கேக்கணும். ஒரு நாள் கேக்கலேன்னா, அதோட வண்டி விலைக்கு. பெருமாள் சாட்சியா சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். இதை அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதனால் எங்கே இருந்தாலும் மூன்று மணி அடித்தால் சுந்தர்சிங் எழுந்து வேட்டியை உதறுவது போல பேண்டை உதறிக்கொண்டு கூவுவார்: “மச்சான், அங்க திரிக்கு எண்ணெய் ஊத்திட்டாங்க! கிளம்பு, கிளம்பு!”

ஆக, எனக்கு இரண்டு சட்டமும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியே இல்லை.

*

என் கணவர் தனியாகவும் போவார். மாதத்தில் ஒன்றிரண்டு நாள், விடியும் முன் எழுந்து, சத்தம் கேட்காமல் ஜாவாவைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்புவார். எட்டு மணிக்குத் திரும்பிவிடுவார். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். கழுவி வைத்த கண்ணாடி மாதிரி. அந்த முகத்தோடு குளித்து, இட்லி சாப்பிட்டு, ஆபீஸ் போகும் வரை யாரிடமும் எரிந்து விழமாட்டார்.

“தனியாப் போய் என்னதான் பண்ணுவீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஒண்ணும் பண்ணமாட்டேன்.”

“ஒண்ணும்னா?”

“வண்டி ஓட்டுவேன். எங்கயாவது நிறுத்துவேன். திரும்பி வருவேன். யாருக்கும் காத்திருக்க வேண்டாம். யாரும் எனக்காகக் காத்திருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்.”

“அதை நானும் பண்ணணும்.”

“நீ வந்தா அப்புறம் எப்படித் தனியாப் போறது?” என்று சிரித்தார்.

எங்கள் வீட்டில் அப்போது ஒன்பது பேர். அவருடைய அப்பா, அம்மா, மூன்று தம்பிகள், ஒரு தங்கை, ஊரிலிருந்து படிக்க வந்த ஒரு அத்தை மகன், நாங்கள் இரண்டு பேர். கல்யாணமாகி ஆறு வருஷம். குரலைத் தாழ்த்தாமல் நான் அவரோடு பேசியது வண்டியில் மட்டும்தான், அதுவும் அவர் காதுக்குள் கத்தி. இரண்டாவது சனிக்கிழமைகளில் அதற்கும் இடைஞ்சல். பக்கத்தில் ராஜ்தூத் வந்துவிடும். “என்ன அக்கா, வறுவல் இருக்கா?” என்று குரல் வரும்.

1970-ல் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை. மகாபலிபுரம் போவதாக ஏற்பாடு. வண்டலூரில் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம். அங்கே வலது பக்கம் திரும்பித் திருப்போரூர். திரும்பி வருவது வேறு வழி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு. முன்னால் சுந்தர்சிங், நடுவில் தோத்தாத்ரி, கடைசியில் நாங்கள்.

பனி இன்னும் விலகாத நேரம். இரண்டு பக்கமும் கதிர் முற்றிய வயல். ஏரிகளெல்லாம் தளும்பிக் கிடந்தன. முன்னால் புல்லட்டின் சத்தம் தூரத்தில் போய்ப் போய், மாம்பாக்கம் வரும்போது கேட்காமலே போயிற்று. சாலையில் எங்கள் வண்டி மட்டும். நான் அவர் தோளில் முகவாயை வைத்துக்கொண்டேன்.

“இப்படியே போனா எவ்வளவு நல்லா இருக்கும்!”

“என்ன? கேக்கல!”

“அவங்க ரெண்டு பேரும் இல்லாம! நாம மட்டும்! ஒரு நாள்!”

இடது பக்கம் ஒரு வண்டிப் பாதை பிரிந்தது. சிறுசேரிப் பக்கம் போவது. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து மறைந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். காலை ஊன்றி நின்றார்.

“தோத்தாத்ரி கேளம்பாக்கத்துல நிப்பானே?”

“கொஞ்ச நேரம் நிப்பாரு. பார்ப்பாரு. அப்புறம் ஏதோ காரணம், திரும்பிட்டாங்கன்னு போயிடுவாரு. குழந்தையா அவரு?”

“சட்டம் போட்டது நான்.”

“அப்ப நீங்களே ஒரு நாள் லீவு விடுங்க.”

இதைச் சொன்னது நான். எத்தனையோ தடவை அந்த இடத்தை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்வது நான்தான்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஹேண்டில் பாரை இடது பக்கம் ஒடித்தார்.

அந்த நாளைப் பற்றிக் குறைவாகச் சொன்னால் பொய்யாகிவிடும். மணல் பாதையில் வண்டி அலைந்தது. நான் கத்தினேன். அவர் சிரித்தார். தோப்பைத் தாண்டி ஒரு ஏரிக்கரையில் ஏற்றி நிறுத்தினார். தண்ணீரில் நாமக்கோழிகள். அவர் கரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டேன். என்ன பேசினோம்? என் அப்பாவின் கடனைப் பற்றி, நாங்கள் தனிக்குடித்தனம் போக முடியுமா என்பதைப் பற்றி, தங்காமல் போன எங்கள் முதல் குழந்தையைப் பற்றி. அந்தக் குழந்தையைப் பற்றி அதுவரை நாங்கள் பேசினதே இல்லை. அவர் அழுதார். பிறகு நாலு பேருக்கு எடுத்துவந்த எலுமிச்சம்பழச் சாதத்தையும் நாங்களே தின்றோம். பாதி உருளைக்கிழங்கு காக்கைக்கு.

“இதான் நீங்க தனியாப் போறப்ப பண்றதா?”

“இதுதான். ஆனா இவ்வளவு சாப்பிட மாட்டேன்.”

மேடவாக்கம் வந்து, செம்பாக்கம் ஏரியை ஒட்டி, நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் முகத்தில் அந்தக் கழுவிய கண்ணாடி. என் முகத்திலும் இருந்திருக்க வேண்டும். “என்ன அண்ணி, வெயில்ல கறுத்துட்டீங்க, ஆனா நல்லா இருக்கீங்க,” என்றாள் நாத்தனார்.

*

தோத்தாத்ரியின் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. புல்லட் வந்து நிற்கும் சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்கும். ஐந்து மணி வரை கேட்கவில்லை.

“போயிருப்பாங்க இல்ல?” என்று கேட்டேன்.

“போயிருப்பாங்க.”

“வர நேரமாச்சே.”

“வந்துடுவான்.”

ஐந்தரைக்கு வாசலில் ராஜ்தூத் வந்து நின்றது. சுந்தர்சிங், மூக்கெல்லாம் புழுதி. “என்ன மச்சான், வீட்டுல இருக்கே! கேளம்பாக்கத்துல தோத்தாத்ரி தலையைப் பார்த்துட்டுத்தான் நகர்ந்தேன். அப்புறம் மகாபலிபுரத்துக்கு முன்னால பூஞ்சேரித் திருப்பத்துல நின்னு நின்னு பார்த்தேன். ஒரு ஆளையும் காணோம். சரி, திரும்பிட்டாங்கன்னு போய்க் கோயிலைப் பார்த்துட்டு வந்துட்டேன்.”

“எவ்வளவு நேரம் நின்னே?”

“ஒரு இளநி குடிக்கிற நேரம். சரி, ரெண்டு இளநி. தோத்தாத்ரி எங்க?”

“அவனும் திரும்பியிருப்பான்,” என்று அவரே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் என் கணவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். கேளம்பாக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.

“இப்பப் போய் என்னன்னு சொல்வீங்க?” என்றேன். “இருங்க. வந்துகிட்டிருப்பாரு. நடுவுல ஒருத்தரையொருத்தர் தாண்டிட்டா?”

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஆணியில் மாட்டினார். எதிர்வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்றினார்கள். நான் அரிசியைக் களைந்துகொண்டே அந்த இரண்டு தெரு தாண்டிக் காதை வைத்திருந்தேன்.

ஏழே கால் மணிக்குப் புல்லட் சத்தம் கேட்டது. அவர் தெருவில் இல்லை. எங்கள் வாசலில்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். தோத்தாத்ரி இறங்கக்கூட இல்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தை எங்கள் மேல் அடித்தபடி, எங்களையே பார்த்தார். சட்டை முழுவதும் வியர்வை காய்ந்து உப்பாய்ப் பூத்திருந்தது. உதடு வெடித்திருந்தது.

“இருக்கேளா,” என்றார். “ரெண்டு பேரும் இருக்கேளா. அப்பாடா!”

“தோத்தாத்ரி, நீ எங்க...”

“திருப்பத்துலதான். வேற எங்க? நாலு தடவை கண்டிகை வரைக்கும் வந்து பார்த்தேன். டீக்கடைக்காரன் ஒரு ஜாவா போச்சுங்கறான். இந்தப் பக்கம் வரலேங்கறா உப்பளத்துக்காரா. ஒருவேளை நான் அந்தண்டை போனப்ப நீ தாண்டிட்டியோன்னு மறுபடி திருப்பத்துக்கு ஓடுவேன். ஒவ்வொரு வாய்க்காலாப் பார்த்தேன் ஜெபா. அப்புறம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெண்டு பேர், ஆம்பளை ஒருத்தர், புடவை கட்டிண்டு ஒரு பொம்மனாட்டி, அடிபட்டு வந்தாளான்னு...” அவர் நிறுத்தினார். “என்ன ஆச்சு?”

“பங்சர்,” என்றார் என் கணவர். “முன் டயர்.”

“பின் டயர் சார்,” என்றேன் நான்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

புல்லட்டின் வெளிச்சம் வாசல் ஓரத்தில் நின்ற எங்கள் ஜாவாவின் மேலும் விழுந்திருந்தது. இரண்டு டயரும் கும்மென்று காற்றோடு நின்றன. தோத்தாத்ரி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

“ரெண்டுமா?” என்றார். “பாவம்.”

அவ்வளவுதான். குரலில் கோபமே இல்லை. “தண்ணி குடுங்கோ டீச்சர்,” என்றார். ஒரு சொம்புத் தண்ணீரை வண்டியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஆத்துக்குப் போறேன். விளக்கு ஏத்தியிருப்பா,” என்றார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே இரண்டு தெருவும் போனார். சத்தம் கேட்க வேண்டிய நேரம் போய்விட்டது என்பதால் அப்படிச் செய்தாரோ என்னவோ.

*

பத்து நாள் கழித்து ஜெயவேலு எங்கள் வண்டிக்குச் செயின் மாட்ட வந்தவன் சொன்னான்.

“இன்னா மேடம், உங்களுக்குத் தெரியாதா? ஐயரு புல்லட்டக் குடுத்துட்டாரும்மா! நான்தான் பல்லாவரத்துலேர்ந்து ஆள இட்டாந்தேன். இன்னா சார், எதுனா ரிப்பேரான்னு கேட்டா, ஒண்ணுமில்லப்பா, வாக்குன்றாரு. அவன் எட்த்துகினு கெளம்பறான், இவரு பின்னாலயே ஓடறாரு. இன்னாவோ ஏதோன்னு நிறுத்தறான். ‘மேடு ஏறச்சொல்ல சோக்கைக் கொஞ்சம் பாத்துக்கோப்பா, பெரியவருக்குச் சளி’ன்றாரு. வாங்கனவன் என்னப் பாக்கறான், ஆளு மெண்டலான்னு. எனக்கே பேஜாராப் பூட்ச்சு மேடம்.”

அன்று மாலையே சுந்தரவல்லி வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தப்பு எங்களுடையது, அவர் எங்களுக்காகத்தான் நின்றார் என்று சொன்னால் போதும், பல்லாவரத்தான் இன்னும் வண்டிப் புத்தகத்தில் பெயர் கூட மாற்றியிருக்க மாட்டான். வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டே போனேன்.

“வாங்கோ டீச்சர்,” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். காபி கொடுத்தாள். கேட்காமலே சொன்னாள்: “அந்தச் சனியன் தொலைஞ்சது. இந்தப் பத்து நாளாத்தான் நான் தூங்கறேன். நாலு வருஷமா ஒவ்வொரு ரெண்டாவது சனிக்கிழமையும் வயித்துல நெருப்பு. அன்னிக்குச் சாயங்காலம் நான் பட்டது பெருமாளுக்குத்தான் தெரியும். உங்களுக்குப் புரியும், நீங்க பொம்மனாட்டி.”

“சார்... என்ன சொன்னார்?”

“அவர் என்ன சொல்வார்! விடுங்கோ. அந்தப் பேச்சே வேண்டாம்.”

காபி நன்றாக இருந்தது. அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவளுடைய நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்ததாக வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தக் கையை அவள் உதறிவிடுவாளே என்று பயந்தேன்.

“சொல்லிட்டியா?” என்றார் அவர்.

“இல்ல. நீங்க சொல்லுங்களேன் அவர்கிட்ட.”

“அவனுக்குத் தெரியாததா? தெரிஞ்சவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

அதற்குப் பிறகு இரண்டாவது சனிக்கிழமைகள் தானாக நின்றுபோயின. சுந்தர்சிங் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். என் கணவர் தனியாகப் போவதும் குறைந்தது. போனாலும் அந்த முகத்தோடு திரும்புவதில்லை. தோத்தாத்ரி மின்சார ரயிலுக்குக் குடையோடு நடந்து போவார். பார்த்தால் நின்று பேசுவார். “ஜாவா எப்படி இருக்கு? செயின் சத்தம் போடறதே, எண்ணெய் விடுங்கோ,” என்பார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. ரேஷன் கடை வரிசையிலோ கல்யாண வீட்டிலோ சுந்தரவல்லி அவரை ஒரு தினுசாகக் கேலி செய்வாள். “எங்காத்துக்காரரை வரிசையில நிக்க வச்சுடாதேங்கோ, நின்னுண்டே தூங்கிடுவார்!” பால் பொங்கினால், “பார்த்துக்கோங்கோன்னேன், தூங்கிட்டேளா?” ரயில் தாமதமாகி வந்தால், “எந்த மரத்தடியிலே படுத்திருந்தேள்?” அவர் சிரித்துக்கொள்வார். அவ்வளவு விழிப்பான மனிதரை இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று நினைப்பேன்.

*

1977-ல் தோத்தாத்ரிக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆயிற்று. வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேட்டு, ஒரு சனிக்கிழமை மாலை பாத்திரம் கட்ட உதவி செய்யப் போனேன். லாரி மறுநாள் காலை வருவதாக இருந்தது. தோத்தாத்ரி கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். சுந்தரவல்லியும் நானும் வெறும் தரையில் உட்கார்ந்து தம்ளர்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

“கயிறு வாங்கப் போனவரைக் காணோம் பாருங்கோ. எங்கயாவது சாய்ஞ்சு தூங்கியிருப்பார்,” என்றாள்.

“ஏன் எப்பவும் அப்படிச் சொல்றீங்க?” கேட்டுவிட்டேன். “தூங்கற ஆளா அவரு?”

“பின்னே? வண்டி எப்படிப் போச்சுன்னு நினைச்சேள்? அன்னிக்கு நான் வாசல்ல உட்கார்ந்து அழுதுண்டிருக்கேன், இவர் ஏழரை மணிக்குத் தள்ளிண்டு வரார். எங்க போனேள்னா, கோவளத்துல ஒரு மரத்தடியிலே கண் அசந்துட்டேன், எழுந்து பார்த்தா இருட்டிடுத்துங்கறார். ஒருத்தி இங்க உயிரைக் கையில பிடிச்சுண்டிருக்கா, அவருக்குத் தூக்கம் வந்துடுத்து! அந்தக் கோபம்தான் எனக்கு. லேட்டானதுகூட இல்லை டீச்சர். என்னை மறந்து தூங்கியிருக்காரே!”

என் கையில் ஒரு பித்தளைத் தம்ளர். அதைப் பாதி சுற்றியபடியே வைத்திருந்தேன்.

“அவர் தூங்கல,” என்றேன்.

“என்ன?”

“தூங்கல. கேளம்பாக்கத்துல நின்னாரு. எங்களுக்காக. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். நாங்க வேற பக்கம் போயிட்டோம். பங்சர் எதுவும் இல்ல. நான்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் ரெண்டு பேரும் மட்டும் இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் எங்களைத் தேடியிருக்காரு.”

கூட்டி வைத்த வார்த்தை எதுவும் வரவில்லை. இப்படித்தான் உடைந்து உடைந்து வந்தது.

சுந்தரவல்லி தன் கையிலிருந்த தம்ளரைத் தரையில் வைத்தாள். என் கையை உதறவில்லை. உதற என் கை அவளிடம் இல்லை.

“நின்னுண்டிருந்தாரா?” என்றாள்.

“ஆமா.”

“நிக்கறேன்னு வாக்குக் குடுத்தாரா?”

“ஆமா.”

“அதைச் சொல்லியிருந்தா நான் விக்கச் சொல்வேனா டீச்சர்? ஒருத்தருக்காக நின்னவரை...” அவள் குரல் மாறியது. “ஏழு வருஷமா அவரைத் தூங்கமூஞ்சிங்கறேன். என் தங்கை ஆத்துல, அவர் ஆபீஸ் மனுஷாள்லாம் வந்திருக்கறப்போ... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே அவர்! உங்களை விட்டுக்குடுக்க மாட்டேன்னு என்கிட்டப் பொய் சொல்லியிருக்கார். நீங்க அன்னிக்கு வந்தேளே. காபி குடிச்சேளே.”

“சொல்லத்தான் வந்தேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

வாசலில் ஜாவா சத்தம். என் கணவர் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். அதே நேரம் கயிற்றுச் சுருளோடு தோத்தாத்ரியும் வந்தார். கயிற்றைத் திண்ணை மேல் வைத்துவிட்டு, வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். “புது ஸீட் கவரா? பரவாயில்லையே!”

சுந்தரவல்லி கேட்டுக்கு வந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சுத்துப் போயிட்டு வாங்கோளேன்,” என்றாள்.

“யாரு?”

“நீங்கதான்.”

தோத்தாத்ரி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீயா சொல்றே?”

“திருப்பம் வரைக்கும் போயிட்டு வாங்கோ. நான் நிக்கறேன்.”

என் கணவர் இறங்கி வண்டியைக் கொடுத்தார். தோத்தாத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். வண்டி இரண்டு தடவை துள்ளியது. பிறகு நேராகி, தெருமுனையில் செம்பாக்கம் பக்கம் திரும்பி மறைந்தது. சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. திடீரென்று நின்றது.

நாங்கள் மூன்று பேரும் கேட்டில் நின்றோம். இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் விளக்குகள் வந்தன. சுந்தரவல்லி நகரவில்லை.

கால் மணி கழித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“என்னடா ஆச்சு?” என் கணவர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

“கால் மாறிப் போச்சு ஜெபா. பெரியவருக்கு இடது கால்ல பிரேக். அந்த நினைப்புல மிதிச்சேன், இதுல கியர். எதிர்ல ஒரு சைக்கிள்காரன். தப்பிச்சான். வண்டி நின்னுடுத்து.”

“உதைச்சாக் கிளம்புமே.”

“கிளம்பும். எனக்குத்தான் உதைக்கப் பயமா இருந்தது.” சிரிக்கப் பார்த்தார். “போறும்டா. அது போயிடுத்து.” பிறகு வீட்டைப் பார்த்தார். “என்ன வல்லி, இருட்டாக் கிடக்கே. இன்னும் விளக்கு ஏத்தலையா?”

“நீங்க வரட்டும்னுதான்,” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நான் அவர் எதிரில் போய் நின்றேன். “சார், அன்னிக்கு...”

“எந்த டயர் டீச்சர்?” என்று அவசரமாகக் கேட்டார், சிரித்தபடி. என்னைக் காப்பாற்றத்தான்.

“ரெண்டும் போகல சார்.”

அவர் தலையை ஆட்டினார். வண்டியின் டேங்க்கைக் கையால் ஒருமுறை தடவினார்.

“எங்கே போனேள்?”

“சிறுசேரிப் பக்கம். ஒரு ஏரிக்கரை.”

“நன்னா இருந்துதா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

“ரொம்ப நல்லா இருந்தது சார்.”

“அதுவாவது நன்னா இருந்துதே,” என்றார் தோத்தாத்ரி.

உள்ளே விளக்கு வெளிச்சம் வந்தது. அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு படியேறினார்.